சில்ட்ரன் ஆஃப் மென்: ஓரத்தில் நிற்பவர்களின் படம்

அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கி 2006-இல் வெளிவந்த 'சில்ட்ரன் ஆஃப் மென்' படத்தில் உலகை அழிப்பது எரிகல்லும் அல்ல, அணுகுண்டும் அல்ல. 18 ஆண்டுகளாக எங்கும் குழந்தை பிறக்கவில்லை, அவ்வளவுதான். கதை நிகழும் 2027-இல் மற்ற நாடுகளெல்லாம் சரிந்துவிட, பிரிட்டன் மட்டும் தாக்குப்பிடிப்பதாக அரசு விளம்பரம் மார்தட்டுகிறது. அந்தப் பெருமைக்குப் பலியாகிறவர்கள் அகதிகள்.

அவர்களைப் பற்றிப் படம் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. நாயகன் தியோ நடந்துபோகும் ரயில் நிலையத்தில் அகதிகள் கூண்டுகளில் அடைபட்டிருக்கிறார்கள். ஒரு மூதாட்டி ஜெர்மன் மொழியில் முறையிடுகிறார். தியோ கண்டும் காணாமல் கடந்துபோகிறான். ஆனால் ஒளிப்பதிவாளர் இம்மானுவேல் லுபெஸ்கியின் கேமரா அவனைப் போன்றதல்ல. பல காட்சிகளில் அது நாயகனை விட்டு விலகி, அவன் பார்க்க மறுப்பதைப் பார்த்துவிட்டு வருகிறது. படத்தின் அரசியல் முழுவதும் அந்த விலகலில்தான் இருக்கிறது என்பேன்.

தியோ காப்பாற்றி அழைத்துப்போகும் கீதான் கருவுற்றிருக்கும் ஒரே பெண்; அவள் கறுப்பினத்தைச் சேர்ந்த அகதி. பி.டி. ஜேம்ஸ் 1992-இல் எழுதிய மூல நாவலில் கருவுறுபவள் ஜூலியன் என்னும் ஆங்கிலேயப் பெண். இந்த மாற்றம், நாடு எவரை விரட்டுகிறதோ அவரிடமே அதன் எதிர்காலத்தை ஒப்படைக்கிறது. தொழுவத்தில் மாடுகளுக்கு நடுவே நின்று, கறவை இயந்திரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக மாட்டின் மடிக்காம்புகளை வெட்டிவிடுகிறார்கள், இயந்திரத்தை மாற்றினால் என்ன என்று கீ கேட்கிறாள். கீயாக நடிக்கும் கிளேர்-ஹோப் ஆஷிட்டி எரிச்சலோடு சொல்லும் அந்தப் பேச்சு, அடுத்த நிமிடம் அவள் தன் வயிற்றைக் காட்டியதும் வேறு கனம் பெறுகிறது: அவளுடைய உடலையும் தங்கள் திட்டத்துக்கேற்ப வெட்டித் தைக்கத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள். அகதிகளுக்காகப் போராடும் 'மீன்கள்' இயக்கத்துக்கே குழந்தை ஒரு கொடியாகத்தான் தேவைப்படுகிறது. ஒடுக்குபவர், போராடுபவர் இருவரையும் ஒரே தராசில் நிறுத்திவிடாமல் இந்த விமர்சனத்தை வைத்திருப்பது எளிதான காரியமன்று.

இருந்தும் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். நாவலில் மலடாகிறவர்கள் ஆண்கள். படம் அந்தக் குறையைப் பெண்கள்மேல் ஏற்றியிருக்கிறது, அதற்கான காரணமும் தெரியவில்லை. மற்றொன்று, கீயின் கடந்தகாலத்தைப் பற்றிப் படத்துக்கு அக்கறை குறைவு. மகனை இழந்த தியோவின் துயரத்துக்கு நேரம் ஒதுக்கும் திரைக்கதை, அவள் இழந்தவற்றைக் கேட்க நிற்பதில்லை. தியோவாக வரும் கிளைவ் ஓவனின் சோர்ந்த முகம் எவ்வளவு நன்றாக நடித்தாலும் இந்தச் சாய்வு மறைவதில்லை.

அகதிகளை அடைத்துவைக்கும் பெக்ஸ்ஹில் முகாமின் நீண்ட ஒற்றை ஷாட்டைத் தொழில்நுட்ப வித்தையாகப் பலர் புகழ்கிறார்கள். லென்ஸில் தெறித்த ரத்தத் துளிகள்கூடத் துடைக்கப்படாமல் சிறிது நேரம் நம்மோடு வருகின்றன. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அதை அடுத்து வருவது: கீயின் பச்சைக் குழந்தையின் அழுகுரல் கேட்டுச் சுடுவதை நிறுத்தி வழிவிடும் சிப்பாய்கள், குண்டு ஒன்று வெடித்ததும் எதுவுமே நடவாததுபோல் மீண்டும் சுடத் தொடங்குகிறார்கள். மலிவான படமாக இருந்தால் அமைதியோடு முடித்திருக்கும்.

முகாமில் தியோவுக்கும் கீக்கும் அடைக்கலம் தரும் மரிச்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர்கள் தப்பிச் செல்லும் படகுவரை அழைத்து வந்தும் அவள் ஏறாமல் பின்தங்கிவிடுகிறாள். ஏன் என்பதற்கு ஒரு பார்வையளவு விளக்கமாவது தந்திருக்கலாம். இவ்வளவு கவனமான படத்தில் அந்த அலட்சியம் உறுத்துகிறது.