கண்ணாடி தங்கம், திருகு தகரம்: ஒரு 3-9 ஸ்கோப்போடு குப்பை கொட்டிய அனுபவம்

திருகு சொன்னபடி கேட்கவில்லை என்று சர்வீஸுக்கு அனுப்பிய ரைபிள் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: “பரிசோதிக்கப்பட்டது. நிர்ணயித்த அளவுக்குள் இயங்குகிறது.” அவ்வளவுதான். எதைத் திறந்தார்கள், எதை மாற்றினார்கள், மாற்றினார்களா இல்லையா, ஒரு வரி கிடையாது. இந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் நண்பன் கேட்டான்: “மச்சான், உன்கிட்ட இருக்கிற அதே ஸ்கோப்புக்கு விலை குறைச்சிருக்கான். மான் சீசனுக்கு வாங்கிப் போடலாமா? 100 கெஜத்துல ஜீரோ பண்றதா, 200லயா?” ஜீரோ என்றால், ஒரு குறிப்பிட்ட தூரத்தில் குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைப்பது. போனில் பாதி சொன்னேன். மீதியை இங்கே கொட்டிவிடுகிறேன்.

3 முதல் 9 மடங்கு, முன்கண்ணாடி 40 மி.மீ., ஓர் அங்குலக் குழாய், திருகின் ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் 60ல் ஒரு பங்கு). இதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. என்னிடம் இது .308 வின்செஸ்டர் போல்ட் ரைபிளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுடுவது 150 கிரெயின் (குண்டின் எடை அளவு) தோட்டா. சீசன் பல பார்த்தாகிவிட்டது, ஆகவே புதுப்பொருள் மோகத்தில் எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

என் வயிற்றெரிச்சல் முழுக்க ஒரே இடத்தில்தான்: டரட் திருகு, அதாவது குண்டு விழும் இடத்தை மேலே கீழே, இடம் வலம் நகர்த்த ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் இருக்கும் குமிழ்.

100 கெஜத்தில் மணல் மூட்டை மேல் ரைபிளை வைத்து மூன்று குண்டு சுடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் நெருக்கமாக விழுகின்றன, ஆனால் குறிக்கு 3 அங்குலம் கீழே, 2 அங்குலம் இடப்பக்கம். ஒரு எம்.ஓ.ஏ. என்பது 100 கெஜத்தில் 1.047 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட ஓர் அங்குலம். கால் எம்.ஓ.ஏ. கிளிக் என்றால் அங்குலத்துக்கு 4 கிளிக். ஆக மேலே 12, வலப்பக்கம் 8. மூடியைக் கழற்றித் திருகுகிறேன். டிக், டிக் என்று கையில் நன்றாகவே உணர முடிகிறது, குறையே சொல்ல முடியாது. அடுத்த குண்டு எங்கே போகிறது? பழைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே. சரி என்று இன்னொன்று சுட்டால் பாதி வழி வந்து நிற்கிறது. அதற்கடுத்தது, நான் எதையும் தொடாமலே, கேட்ட இடத்தில் போய் விழுகிறது. நடுவில் பொறுமை இழந்து இன்னும் நாலு கிளிக் திருகித் தொலைத்தீர்களானால், அப்புறம் குண்டு குறிக்கு மேலே போகும், நீங்கள் கீழே இறக்குவீர்கள், பெட்டித் தோட்டா காலியாகும் வரை இந்தக் கூத்து ஓயாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கீழே இறக்கச் சொன்னாலும் இடப்பக்கம் நகர்த்தச் சொன்னாலும் இதே திருகு முதல் குண்டிலேயே கேட்கிறது. மேலே, வலப்பக்கம் என்றால் மட்டும் முரண்டு. காரணம் உள்ளே இருக்கிறது. ஸ்கோப் குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் உண்டு, குறுக்குக்கோடு அதோடு சேர்ந்துதான் நகரும். மேல் டரட்டின் திருகு அதை மேலிருந்து அழுத்துகிறது, பக்கவாட்டு டரட்டின் திருகு வலப்பக்கத்திலிருந்து அழுத்துகிறது. இரண்டுக்கும் எதிர்த்திசையில் ஒரு ஸ்பிரிங் அந்தக் குழாயைத் திருகுகளோடு ஒட்டித் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். கீழே, இடப்பக்கம் என்று திருகினால் திருகே குழாயை நெட்டித் தள்ளிவிடும். மேலே, வலப்பக்கம் என்றால் திருகு பின்வாங்கும், ஸ்பிரிங்தான் குழாயை அதன் பின்னாலேயே கொண்டுபோக வேண்டும். ஸ்பிரிங் சோம்பேறியாக இருந்தாலோ, உள்ளே கிரீஸ் இறுகிப்போயிருந்தாலோ, குழாய் இருந்த இடத்திலேயே நிற்கும். பிறகு ரைபிள் உதைக்கிற உதையில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். மாட்டுவண்டி மாதிரி, ஒவ்வொரு தடவையும் வாலை முறுக்கினால்தான் ஓரடி.

மாற்று வழி உண்டு. மேலே 12 வேண்டுமென்றால் 18 கிளிக் மேலே போய், 6 கீழே வர வேண்டும். கடைசி அசைவு எப்போதும் திருகு தள்ளுகிற திசையில் இருந்தால் குழாய் அதோடு ஒட்டிக்கொள்ளும். வலப்பக்கத்துக்கும் இதேதான். அப்புறம் ஸ்க்ரூடிரைவர் பிடியால் டரட் பக்கத்தில் லேசாக நாலு தட்டு. பழைய ஸ்கோப் வைத்திருக்கும் பெரிசுகள் இதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். இந்தக் காலத்தில், இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பொருளையும் தட்டித்தான் வேலை வாங்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

நியாயமாகவும் பேச வேண்டும். குண்டு அலைந்தால் ஸ்கோப்பைத் திட்டும் முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. நிறுவனத்தின் முதல் பதிலே “ரிங் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம்” என்றுதான் வந்தது. (ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையம் ரிங், அது ரைபிளில் உட்காரும் அடித்தகடு பேஸ்.) கோபம் வந்தாலும், கேட்டது தப்பில்லை. ஜீரோ தவறுவதில் பெரும்பாலானவை பேஸ் ஸ்க்ரூவும் ரிங் ஸ்க்ரூவும் செய்கிற வேலைதான். ஆனால் நான் முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 18 அங்குல-பவுண்டுக்கு முறுக்கி, ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலிருந்தும் ரிங் வரை பெயிண்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். ஸ்க்ரூ மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். கோடு உடையவில்லை. காற்றா? 10 மைல் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் இந்தக் குண்டு 200 கெஜத்தில் சுமார் 3 அங்குலம் ஒதுங்கும், ஆனால் அது பக்கவாட்டில்தான், மேலே கீழே இப்படி விளையாடாது. பேரல் சூடா? ஒவ்வொரு மூன்று குண்டுக்கும் போல்ட்டைத் திறந்து வைத்து, கையால் தொட முடிகிற வரை ஆறவிட்டுத்தான் சுட்டேன். தோட்டாவும் எல்லாம் ஒரே லாட், ஒரே தடவையில் தயாரானவை. எல்லாரையும் விசாரித்துவிட்டுத்தான் திருகின் மேல் பழி போடுகிறேன்.

இனி நண்பனின் கேள்வி, 100ஆ 200ஆ என்பது. அதற்கு முன் 25 கெஜம். ஸ்கோப் மாட்டியதும் நேராக 100க்குப் போய்த் தாளிலேயே படாமல் தோட்டாவை வீணாக்காதீர்கள். போல்ட்டைக் கழற்றி, ரைபிளை அசையாமல் வைத்து, பேரல் வழியாகவே 25 கெஜத்தில் இருக்கும் வட்டத்தைப் பாருங்கள். வட்டம் பேரல் துளைக்கு நடுவில் தெரியும்போது, ரைபிளைத் தொடாமல் குறுக்குக்கோட்டை அதே வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இவ்வளவு செய்தாலே முதல் குண்டு தாளில் பட்டுவிடும். இந்தத் தூரத்தில் ஒரு கிளிக் அங்குலத்தில் 16ல் ஒரு பங்குதான் நகர்த்தும், ஓர் அங்குலம் நகர 16 கிளிக் வேண்டும். பிசகும் 100ல் தெரிவதில் கால்பங்குதான் என்பதால் திருகின் முரண்டு இங்கே எளிதில் வெளியில் தெரியாது. கடைக்காரர் 25 கெஜத்தில் சரிபார்த்துக் கொடுத்துவிட்டார் என்று நம்பி நேராகக் காட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் இது வினை.

ஸ்கோப்பின் பார்வைக் கோடு பேரலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது. குண்டு கீழிருந்து கிளம்பி, 25 கெஜம் பக்கத்தில் அந்தக் கோட்டைக் கடந்து மேலே போய், பிறகு தூரத்தில் மறுபடி கீழே கடக்கிறது. அதனால் 25ல் நட்ட நடுவில் விழும் .308, 100ல் இரண்டரை அங்குலம் மேலே விழும். யாரும் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

நான் வைத்திருப்பது 200 கெஜ ஜீரோ. என் தோட்டாவுக்கு அது 100ல் சுமார் 2 அங்குலம் மேலே, 200ல் நடுவில், 300ல் எட்டு ஒன்பது அங்குலம் கீழே. .270ல் 130 கிரெயின் சுடுகிறவர்களுக்கு இதைவிடத் தட்டையான பாதை: 100ல் ஒன்றரை மேலே, 300ல் ஏழு சொச்சம் கீழே. நடுத்தர அளவு மானுக்கு முன்காலுக்குப் பின்னால் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியை எட்டு அங்குல வட்டமாக எடுத்துக்கொள்ளலாம். ஆக 230 கெஜம் வரை, கணக்கு எதுவும் போடாமல் அந்த வட்டத்தின் நடுவில் வைத்து ட்ரிகரை இழுக்கலாம், குண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் பிசகாது. அடர்ந்த காட்டில் 100, 120 கெஜத்துக்கு மேல் பார்வையே போகாத இடத்தில் வேட்டை என்றால் 100 ஜீரோவே நல்லது, மனசுக்கும் குழப்பமில்லை. 100 ஜீரோ வைத்தவர் 200ல் சுட நேர்ந்தால் நான்கு அங்குலம் இறங்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மலைச்சரிவில் இன்னொரு விஷயம்: 30 டிகிரி சரிவில் 300 கெஜம் தள்ளி நிற்கும் மானுக்கு, குண்டு இறங்குவது 260 கெஜத்துக்கு உண்டானதுதான். மேலே பார்த்துச் சுட்டாலும் கீழே பார்த்துச் சுட்டாலும் கணக்கு ஒன்றே.

பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும் வீழ்ச்சியையும் வைத்துக்கொண்டு 200ஐக் காகிதத்திலேயே முடித்துவிடாதீர்கள். உங்கள் பேரல் நீளம் குறைவாக இருந்தால் வேகமும் குறையும். 100ல் 2 அங்குலம் மேலே வைத்த பிறகு 200 கெஜத்தில் நிஜமாகவே தாள் ஒட்டிச் சுட்டுப் பாருங்கள். அங்கே ஒரு கிளிக் அரை அங்குலம் நகர்த்தும். 100ல் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்த மூன்று குண்டு 200ல் மூன்று அங்குலத்துக்கு விரியும், ஆகவே ஒரே ஓட்டையைத் துரத்திக்கொண்டு திருகாமல் மூன்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருக வேண்டும்.

இவ்வளவு திட்டியவன் இப்போது சொல்லப்போவது உங்களுக்கு வினோதமாக இருக்கும். ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் இந்த ஸ்கோப்பின் ஜீரோ அசைவதே இல்லை. வண்டியின் பின்னால் குலுங்கி, மழையில் நனைந்து, பாறையில் ஒருமுறை நல்ல இடி வாங்கி, அடுத்த சீசனில் ஆறிய பேரலில் முதல் குண்டு போன சீசன் விழுந்த இடத்திலேயே விழுகிறது. மானுக்கு வேண்டியது அந்த முதல் குண்டுதானே. (எண்ணெய் துடைத்த சுத்தமான பேரலின் முதல் குண்டு வேறிடத்தில் விழலாம். சீசனுக்கு முன் ஓரிரண்டு சுட்டுவிட்டுத் துடைக்காமல் விடுங்கள்.)

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் கோபமே போய்விடும். முன்கண்ணாடி 40 மி.மீ.ஐ மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 9ல் வைத்தால் 4.4 மி.மீ., 5ல் வைத்தால் 8 மி.மீ. இருட்டில் நம் கண்மணி விரிவது ஏழு வரைதான். அதனால் பொழுது சாயும்போது மடங்கைக் குறைக்க வேண்டும். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒரே கருப்பாகத் தெரியும் நேரத்தில் இதை 5ல் வைத்துப் பார்த்தால் கிளை வேறு, கொம்பு வேறு என்று பிரிந்து தெரிகிறது. சட்டம் அனுமதிக்கும் கடைசி நிமிடம் வரை பார்க்க முடிகிறது. இதைவிட விலை கூடிய சிலவற்றில் நான் எட்டிப் பார்த்திருக்கிறேன், இந்த அளவு இல்லை.

ஆனால் அந்த 5லும் ஒரு ஆப்பு. குறுக்குக்கோட்டின் கீழே தூரத்துக்கென்று சின்னப் புள்ளிகள் வைத்திருக்கிறார்களே, அவை 9ல் மட்டும்தான் சரி. 4.5ல் வைத்தால் அதே புள்ளி இரண்டு மடங்கு வீழ்ச்சிக்கு உண்டானதாகிவிடும். இந்த வகைக் கண்ணாடி அமைப்பில் இது இயற்கைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையேட்டில் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் போட்டதற்குக் கண்டிப்பாகத் திட்டுவேன்.

சரி, சர்வீஸுக்குப் பிறகு? உயரமான தாள் ஒட்டி, தூக்குக்குண்டு கட்டி நேர்க்கோடு இழுத்து, மேலே 40 கிளிக் திருகினேன். அது 10 எம்.ஓ.ஏ., 100 கெஜத்தில் பத்தரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் குண்டு ஓர் அங்குலம் குறைவாக நின்றது, இரண்டாவது போய்ச் சேர்ந்தது. முன்பு மூன்று கேட்டது, இப்போது இரண்டு கேட்கிறது. கீழே 40 இறக்கினால் வழக்கம்போல ஒரே குண்டில் பழைய இடம். அதாவது உள்ளே எதையோ தொட்டிருக்கிறார்கள், முடிக்கவில்லை. இதற்குத்தான் “நிர்ணயித்த அளவு” என்று பெயர் போலிருக்கிறது.

தீர்ப்பு கேட்டால், வாங்காதே மச்சான். கண்ணாடி நல்லது, ஜீரோ நிற்கிறது, விலையும் இறங்கியிருக்கிறது, எல்லாம் சரி. ஆனாலும் அந்தத் துண்டுச் சீட்டு எழுதியவர்களுக்கு இன்னொரு ஸ்கோப்புக்கான பணத்தைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. என்னுடையதைக் கழற்றுவாயா என்றால் மாட்டேன். வரும் சீசனுக்கும் இதுதான்.

மீறி வாங்குகிறவர்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் இதை மட்டும் செய்யுங்கள்: 100 கெஜத்தில் ஜீரோ வைத்த பிறகு மேலே 20 கிளிக் திருகி ஒரு குண்டு, டரட்டைத் தொடாமல் இன்னும் இரண்டு. முதல் ஓட்டை மட்டும் உங்கள் வழக்கமான குரூப் அளவை (குண்டுகள் சிதறும் அகலத்தை) தாண்டிக் கீழே தனியாக நின்றால், தாளையும் ஸ்கோப்பையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றிக் கேளுங்கள். பெட்டியையும் ரசீதையும் அதுவரை தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.