சாட்ஜிபிடியா, ஜெமினியா, மெட்டாவா? கோத்தகிரி ஜெராக்ஸ் கடையிலிருந்து ஓர் அலசல்

கோத்தகிரி மார்க்கெட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பேருக்குத்தான். மனு எழுதுவது, ஆன்லைன் விண்ணப்பம் போடுவது, பயோடேட்டா அடிப்பது, வெளியூர் வண்டிக்காரர்களுக்கு இ-பாஸ் எடுத்துக் கொடுப்பது என்று பிழைப்பு ஓடுகிறது. இதில் பாதி வேலைக்கு இப்போது ஏதாவது ஒரு ஏஐ ஆப் கை கொடுக்கிறது. அதனால் கடைக்கு வரும் பசங்க தவறாமல் கேட்பது: "அண்ணா, இதுல எதுண்ணா பெஸ்ட்டு?"

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் நான் பார்த்தவரை ஆப்புக்கு ஆப் இருக்கும் வித்தியாசம் சின்னது. ஒரே ஆப்பை நெட்டில் தேடவிட்டுக் கேட்பதற்கும் தேடவிடாமல் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிது. அதனால் இங்கே பெயர்களைவிடக் கேட்கும் விதங்களைத்தான் அதிகம் மோதவிடப் போகிறேன். எந்த ஆப் எங்கே சொதப்பியது என்று பெயர் போடப் போவதில்லை. எல்லாமே ஏதோ ஒரு இடத்தில் சொதப்பியவைதான். அதோடு, ஆப்புக்குள் இருந்து பதில் சொல்லும் மூளையை, அதாவது மாடலை, கம்பெனிகள் மாற்றிக்கொண்டே இருப்பதால் இன்று நான் சொல்லும் குறை அடுத்த சீசனுக்குள் காலாவதி ஆகிவிடும்.

களத்தில் யார் யார் என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வந்தது. கூகுள் 2023-ல் பார்ட் என்ற பெயரில் ஆரம்பித்து, அந்த ஜூலையில் தமிழைச் சேர்த்து, 2024 பிப்ரவரியில் ஜெமினி என்று பெயரை மாற்றியது. ஜெமினி ஆப் 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழ் உட்பட 9 இந்திய மொழிகளோடு வந்தது. அதே மாதம் மெட்டா ஏஐ வாட்ஸ்அப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. டவுன்லோட் வேண்டாம், புது அக்கவுண்ட் வேண்டாம் என்பதால், கடைக்கு வரும் பெரியவர்களில் பலர் முதலில் தொட்டுப் பார்த்தது வாட்ஸ்அப்பில் தெரியும் அந்த மெட்டா ஏஐ வட்டத்தைத்தான். சாட்ஜிபிடிக்கும் 2024 டிசம்பரில் ஒரு வாட்ஸ்அப் எண் வந்தது, 2026 ஜனவரி 15-ஓடு நின்றது. பெர்ப்ளெக்சிட்டி ஆரம்பத்திலிருந்தே தேடிச் சொல்வதற்கென்று வந்த ஆள், பதிலுக்குள்ளேயே எண் போட்டு எங்கிருந்து எடுத்தது என்று காட்டும். கிளாட் 2023-ல் வந்தது. நீளமான பிடிஎஃப் கொடுத்துச் சாரம் கேட்பவர்கள் அதை விரும்புகிறார்கள்.

தேடிச் சொல்வதும் நினைவிலிருந்து சொல்வதும்

நெட்டில் தேடவிடாவிட்டால், ஆப் முன்பு படித்து வைத்த நினைவிலிருந்துதான் பதில் சொல்லும். மலைக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம். ஊட்டியில் ரூம் போட்டிருந்த ஒரு குடும்பம் கோத்தகிரி சுற்ற வந்த இடத்தில் கடைக்கு வந்தது. அடுத்த நாள் மசினகுடி போகிறார்களாம். எது கிட்டத்து வழி என்று அவர்களே போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வந்த பதிலை எட்டிப் பார்த்தேன். கல்லட்டி வழி, 36 கொண்டை ஊசி வளைவுகள், கண்ணுக்கு விருந்து என்று சுற்றுலாத் துறை நோட்டீஸ் மாதிரி அழகாக எழுதியிருந்தது. வளைவுக் கணக்கு சரி. கிட்டத்து வழி என்பதும் சரி. வெளியூர் வண்டிகள் அந்தப் பாதையில் ஊட்டியிலிருந்து கீழே இறங்கக் கூடாது என்ற ஒரு வரிதான் இல்லை. அந்தத் தடை சும்மா வந்ததல்ல. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்குவார்கள். பிரேக் சூடேறி, பாதி வழியில் பிடிக்காமல் போய்விடும்.

அதே போனில், அதே ஆப்பில், தேடலைப் போட்டுவிட்டு அதே கேள்வியைக் கேட்கச் சொன்னேன். தடையைச் சொன்னது, செய்தி லிங்க் கொடுத்தது, கூடலூர் போய் தொரப்பள்ளி, தெப்பக்காடு வழியாகச் சுற்றச் சொன்னது. மைசூர் வரை போவதாக இருந்தால் பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டது. ஒரு பட்டனைத் தட்டியதில் வந்த மாற்றம் இது.

இ-பாஸும் இதே கதைதான். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அதற்கு முன்னால் படித்து முடித்த மாடலிடம் தேடாமல் கேட்டால், கொரோனா கால இ-பாஸைப் பற்றிச் சொல்லி, அது எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது என்று தைரியமாக முடித்துவிடும். தேடவிட்டால் டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு வண்டிக்கு வேண்டாம், அரசு பஸ்ஸில் வந்தால் வேண்டாம் என்பது வரை சரியாக வருகிறது. ஆனால் தேடல் என்றாலே வேதவாக்கு இல்லை. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இரண்டும் ஒரே செய்தியில் அடுத்தடுத்த வரியில் வருவதால், தேடிப் பார்த்த ஒரு ஆப் நீலகிரிக்கு 4,000 என்றது. லிங்கைத் திறந்து பார்த்தால் செய்தி சரியாகத்தான் இருந்தது. லிங்க் கொடுக்கிற ஆப்பில் இந்தத் தப்பைப் பிடிக்க வழியாவது இருக்கிறது, மற்றதில் அதுவும் இல்லை.

பசுந்தேயிலை விலைக்கும் இதையே சொல்வேன். தேயிலை வாரியம் மாதத்துக்கு மாதம் விலை அறிவிக்கிறது. "இந்த மாத விலை என்ன" என்று கேட்டால் தேடலோடும் பழைய மாதத்துச் செய்தி வந்து நிற்கும். மாதத்தையும் வருடத்தையும் கேள்வியிலேயே எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

மனு எழுதுவதில் யார் கெட்டி?

கட்டபெட்டு பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். அவர் சொன்னதை அப்படியே இரண்டு ஆப்பில் அடித்தேன்: "எங்க ஊர்ல ரெண்டு தெருவிளக்கு எரியல. சாயங்காலம் கரடி வருது. பசங்க டியூஷன் முடிச்சுட்டு அந்த வழியாத்தான் வர்றாங்க. பஞ்சாயத்துக்கு ஒரு மனு வேணும்."

முதல் ஆப் எழுதியது: "எங்கள் பகுதியில் தெருவிளக்குகள் செயலிழந்துள்ளமை குடியிருப்பாளர்களின் பாதுகாப்பு குறித்த தீவிரக் கவலைகளை எழுப்பியுள்ளது." கரடி "வனவிலங்குகளின் நடமாட்டம்" ஆகிவிட்டது. டியூஷன் பசங்க "மாணவச் சமுதாயம்" ஆகிவிட்டார்கள். படித்துக் காட்டினால் அக்கா, "இது யாரோட மனுங்க?" என்றார். இரண்டாவது ஆப் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஆபீஸ் முறையில் வரிசையாகப் போட்டு, கரடியைக் கரடி என்றே எழுதியது. ஆனால் "கடந்த மூன்று மாதங்களாக", "பலமுறை முறையிட்டும் பலனில்லை" என்று அக்கா சொல்லாத இரண்டு விஷயத்தைத் தானாகச் சேர்த்துவிட்டது. அந்தத் தாளை நீட்டி, "எப்ப முறையிட்டீங்க, ரசீது எங்கே?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

மொழியில் இரண்டாவது ஜெயித்தது, நேர்மையில் முதலாவது. பிறகு இரண்டுக்கும் ஒரே கட்டளை கொடுத்தேன்: நான் சொன்னதைத் தவிர எதையும் சேர்க்காதே, பொருள் ஒரு வரி, மனு ஆறு வரிக்குள், கரடியைக் கரடி என்றே எழுது, விளக்குக் கம்பத்தின் எண்ணுக்கு இடம் விடு. வந்த இரண்டு மனுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எது எந்த ஆப் என்று மறைத்து வைத்தால் எனக்கே தெரியாது. அதிலிருந்து இந்தக் கட்டளையை போனில் நோட்ஸில் சேமித்து வைத்து எந்த மனுவுக்கும் முதலில் ஒட்டிவிடுகிறேன். கம்பத்து எண் மட்டும் ஏஐ கேட்காது, லைன்மேன்தான் கேட்பார். அதனால் ஆட்களிடம் நானே முன்கூட்டிக் கேட்டு வாங்கிவிடுவது.

பேச்சா, எழுத்தா?

குரலில் கேட்பது தமிழில் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு இது பெரிய வரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கடையில் வைத்துப் பார்த்தால் இரண்டு தொல்லை. ஒன்று, நம்ம ஊர்ப் பெயர்கள். கட்டபெட்டு "கட்டைப் பெட்டி" ஆகும், சோலூர்மட்டம் "சோளம் மட்டும்" ஆகும். வெளியே பஸ் ஹாரன் அடித்தால் பாதி வாக்கியமே காணாமல் போகும். இரண்டு, சிக்னல். மழைக் காற்றில் கரண்ட் போனால் சிறிது நேரத்தில் டவரும் தள்ளாடும். எழுதி அனுப்பிய கேள்வி மெதுவாகவாவது போய்ச் சேர்ந்துவிடும், நேரடிப் பேச்சு நடுவில் அறுந்துவிடும்.

நான் சொல்லிக் கொடுப்பது நடுவில் ஒரு வழி. கீபோர்டில் இருக்கும் மைக்கைத் தட்டிப் பேசுங்கள், எழுத்தாக வரும், ஊர்ப் பெயரை மட்டும் திருத்துங்கள், அப்புறம் அனுப்புங்கள். பெரியவர்களே இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

நீலகிரி படுகர்களின் மொழியான படுகு பேசுபவர்களுக்கு எந்தப் பக்கமும் இன்னும் கதவு திறக்கவில்லை. தமிழ் எழுத்தில் படுகு அடித்துப் பார்த்த பையன்களுக்குக் கன்னடம் என்று நினைத்து வந்த பதில்கள்தான் மிச்சம்.

தமிழில் கேட்பதா, இங்கிலீஷில் கேட்பதா என்றும் ஒரு சண்டை உண்டு. உள்ளே இவை எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கின்றன. அதற்கு டோக்கன் என்று பெயர். 2024 மே மாதம் சாட்ஜிபிடிக்கு ஜிபிடி-4ஓ என்ற மாடல் வந்தபோது, அதைச் செய்யும் ஓபன்ஏஐ கம்பெனி கொடுத்த உதாரணத்தில், ஒரு சின்ன அறிமுகப் பேச்சு தமிழில் முன்பு 116 டோக்கன், புது முறையில் 35. அதே பேச்சு இங்கிலீஷில் 24. முன்பு இருந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் தமிழுக்குக் கொஞ்சம் கூடுதல் செலவு இருக்கிறது. செய்தியின் நீளத்தைப் பார்த்து இலவச வரம்பை முடிக்கும் ஆப்பில் தமிழ் ஆட்களுக்குச் சீக்கிரம் "பிறகு வாருங்கள்" வந்துவிடும். கடிதத்துக்கும் விளக்கத்துக்கும் தமிழிலேயே கேளுங்கள். கம்ப்யூட்டர் சம்பந்தமான கேள்விக்கு மட்டும் நான் இங்கிலீஷில் கேட்டு, பதிலைத் தமிழில் கொடு என்கிறேன்.

மருந்து விஷயத்தில் ஆப் வேண்டாம்

தேயிலை இலையைப் போட்டோ எடுத்து என்ன நோய் என்று கேட்பது இப்போது எல்லோரும் செய்வது. மழைக்காலத்தில் இளம் இலையில் கொப்புளம் கொப்புளமாக வரும் கொப்புள நோயைப் பெரும்பாலும் சரியாகவே சொல்கின்றன. அதுவரை எல்லா ஆப்பும் பாஸ். சிக்கல் அடுத்த வரியில். கேட்காமலே ஒரு மருந்துப் பட்டியலைப் போட்டுவிடும். தேயிலைக்கு எதை அடிக்கலாம் என்று தேயிலை வாரியம் தனியாகப் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. காய்கறிக்கு அடிக்கிற மருந்து அதில் இல்லாமல் இருக்கலாம். அதை அடித்த இலையை ஃபேக்டரியில் திருப்பி அனுப்பினால், ஆப் வந்து நஷ்டஈடு தராது. நோயின் பெயரை ஆப்பில் தெரிந்துகொண்டு, மருந்துக்குக் குன்னூரில் உபாசி (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) நடத்தும் வேளாண் அறிவியல் மையத்தில் ஆளைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

காசு கொடுக்கணுமா?

கடைக்கு வரும் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். சாட்ஜிபிடி பிளஸ் மாதம் 1,999 ரூபாய், கூகுள் ஏஐ ப்ரோ 1,950 ரூபாய் என்றுதான் இங்கே விலை வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் சாட்ஜிபிடி கோ 399 ரூபாய்க்கு வந்தது, நவம்பர் 4 முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசம் என்றார்கள். ஏர்டெல் அந்த ஜூலையிலேயே பெர்ப்ளெக்சிட்டி ப்ரோவை ஒரு வருடம் சும்மா கொடுத்தது. ஜியோ அக்டோபர் கடைசியில் கூகுள் ஏஐ ப்ரோவை 18 மாதம் என்றது, அன்லிமிடெட் 5ஜி பிளான்காரர்களுக்கு. 5ஜி ஒழுங்காகக் கிடைக்காத ஊர்க்காரர் அதற்காக ரீசார்ஜை ஏற்றிக்கொண்டால் அது இலவசம் ஆகாது. ஆட்டோபே போட்டவர்கள் இலவசம் முடியும் தேதியைச் சுவர்க் காலண்டரில் எழுதி வையுங்கள். தினமும் பிடிஎஃப், படம் என்று வேலை வாங்கும் ஆபீஸ்காரர், கல்லூரி மாணவர் என்றால் ஒரு மாதம் கட்டிப் பார்க்கலாம்.

கடைசியாக, கடைக்குள் நான் தடுக்கும் ஒரே விஷயம். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து, "இதைப் பார்த்து ஃபாரத்தை நிரப்பிக் கொடு" என்று ஆப்பில் போடுகிறார்கள். சாட்ஜிபிடியில் டேட்டா கண்ட்ரோல்ஸ் போய், நம் பேச்சை மாடல் பயிற்சிக்கு எடுக்காதபடி அணைக்கலாம், டெம்பரரி சாட்டும் உண்டு. ஜெமினியில் ரகசியத் தகவல் போடாதீர்கள், ஆட்கள் படித்துப் பார்க்க நேரலாம் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. இதையெல்லாம் யார் தேடிப் படிக்கிறார்கள்? அதனால் எங்கள் கடையில் எண் வரும் இடங்களைக் காலியாக விட்டுத்தான் ஏஐயிடம் எழுதி வாங்குவோம். பிரிண்ட் எடுத்த பிறகு ஆதார் எண்ணைப் பேனாவால் நான் நிரப்பிவிடுவேன், அதற்குத் தனிக் காசு கிடையாது.