கீத் வாகனின் சிறிய குவாஷா, சதர்லண்டின் லித்தோகிராஃபா?

லண்டன் ஏலங்களில் இருபதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ஓவியம் ஒன்றை வாங்க ஆசை; கையில் இருப்பதோ சில ஆயிரம் பவுண்டு. இப்படி வருபவருக்கு மூன்று வழிகள் உண்டு: பெரிய ஓவியர் ஒருவர் கையெழுத்திட்ட லித்தோகிராஃப் (பல பிரதிகள் எடுக்கும் கல்லச்சுப் படம்), பென்சில் கோட்டோவியம், இல்லையென்றால் காகிதத்தில் தீட்டிய சிறிய குவாஷ் (அடர்த்தியான நீர்வண்ண ஓவியம்). எண்ணெய் ஓவியத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பிரிட்டிஷ் ஓவியர் கீத் வாகனின் பெரிய எண்ணெய் ஓவியங்கள் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டி விற்றிருக்கின்றன. அவர் வண்ணத்தில் தீட்டியவற்றில் சிறிய குவாஷ்கள் மட்டும்தான் இன்னும் சாதாரணச் சம்பளக்காரர் எட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கின்றன.

என் ஓட்டு குவாஷுக்குத்தான். எல்லா ஓவியர்கள் விஷயத்திலும் இப்படிச் சொல்ல மாட்டேன். பலருக்குக் குவாஷ் என்பது பெரிய ஓவியத்துக்கு முன் செய்து பார்க்கும் ஒத்திகை. வாகனுக்கு அப்படியில்லை. அதற்குக் காரணம் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

1912இல் பிறந்த வாகன் ஓவியக் கல்லூரியில் படித்தவர் அல்லர். முப்பதுகளில் யூனிலீவரின் விளம்பரப் பிரிவான லிண்டாஸில் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஆயுதம் ஏந்த மறுத்தார். 1941இல் அவரைப் போரிடாத படைப்பிரிவில் சேர்த்தார்கள். வில்ட்ஷயரில் உடலுழைப்பு, பிறகு யார்க்ஷயரின் மால்டனில் இருந்த போர்க்கைதிகள் முகாமில், ஜெர்மன் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பு வேலை. இருபது பேர், முப்பது பேர் படுக்கும் கொட்டகையில் கான்வாஸை நிறுத்தி வைத்து எண்ணெய் வண்ணம் காயக் காத்திருக்க முடியுமா? காகிதம், மை, மெழுகு கிரேயான், குவாஷ் இவைதான் அவருக்கு வாய்த்தன. எதையும் மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம். 1944இல் லண்டன் லெஃபெவ்ர் காலரியில் அவருடைய முதல் தனிக் காட்சி நடந்தபோது அங்கே இருந்ததும் காகித வேலைகள்தான். எண்ணெய் ஓவியத்தில் அவர் கை தேர்ந்தது அதற்குப் பிறகு. ஆனாலும் 1977இல் இறக்கும் வரை குவாஷை விடவில்லை.

குவாஷ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பள்ளிக்கூடத்தில் பயன்படுத்திய போஸ்டர் கலரின் உயர்ந்த வகை என்று நினைத்துக்கொள்ளலாம். கருவேலப் பிசினில் குழைத்த நிறமி, கீழே இருப்பதை மறைக்கும் அளவுக்கு அடர்த்தி, காய்ந்த பின் மினுமினுப்பு இல்லாத பரப்பு. வாகன் இதை மெழுகோடும் மையோடும் மோதவிட்டார். மெழுகு பட்ட இடத்தில் நீர் நிற்காது. மை அதைச் சுற்றிக்கொண்டு ஓடும். அதன் மேல் குவாஷைப் போட்டால் சில இடம் மூடும், சில இடம் திறந்தே கிடக்கும். பாதி அவர் முடிவு, பாதி பொருளின் முடிவு. இருபது சென்டிமீட்டர் காகிதத்துக்குள் இத்தனையும் நடக்கிறது. அருகில் போய்ப் பார்க்கும்போதுதான் அது கண்ணில் படும். கைப்பேசித் திரையில் படாது.

லித்தோகிராஃப் பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்னொரு பிரிட்டிஷ் ஓவியரான கிரஹாம் சதர்லண்ட் வாகனைவிட ஒன்பது வயது மூத்தவர். போர்க்கால வாகனிடம் அவருடைய பாதிப்பு நன்றாகவே தெரியும். 1968இல் சதர்லண்ட் வெளியிட்ட விலங்கு, பூச்சி வரிசை லித்தோகிராஃப்கள் சாதாரண நகல்கள் அல்ல. அச்சுக்கென்றே யோசித்துச் செய்தவை. அதே அச்சு வேறு பிரதியாகப் பல ஏலங்களில் வந்து போயிருக்கும் என்பதால் போன தடவை என்ன விலைக்குப் போனது என்று பார்த்துவிட்டே கை தூக்கலாம். தவறவிட்டாலும் இன்னொரு பிரதி வரும். குவாஷ் விஷயத்தில் இந்த நிம்மதி இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதன் விலையை ஒப்பிட, அதே ஓவியர் அதே காலத்தில் செய்த வேறு வேலையைத்தான் பார்க்க வேண்டும்.

பென்சில் கோட்டோவியத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாகன் ஆண் உடலை அருமையாக வரைவார். அந்தத் தாள்கள் பெரும்பாலும் குவாஷைவிட மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவரிடம் நான் தேடுவது அந்த மண் பழுப்பும் கரும்பச்சையும் நடுவே எட்டிப் பார்க்கும் நீலமும். அவை பென்சிலில் கிடைக்காது.

சரி, பணம். ஏலத்தில் சுத்தியல் விழும் விலையோடு கணக்கு முடிவதில்லை. ஒரு குவாஷ் 4,000 பவுண்டில் முடிகிறது, ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் பிரீமியம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் 1,000, அதன் மேல் 20 சதவீத வாட் வரி 200. அப்புறம் ஓவியம் மறுபடி விற்கும்போது ஓவியருக்கோ வாரிசுக்கோ போகும் மறுவிற்பனை உரிமைத்தொகை 4 சதவீதம், அதாவது 160. மொத்தம் 5,360 பவுண்டு. இந்த உரிமைத்தொகை பிரிட்டனில் 2006இல் உயிரோடிருக்கும் ஓவியர்களுக்காக வந்தது. 2012இல் இறந்தவர்களின் வாரிசுகளுக்கும் விரிந்தது. இறந்து 70 ஆண்டு வரை செல்லும் என்பதால் வாகனுக்கும் 1980இல் இறந்த சதர்லண்டுக்கும் பொருந்தும். ஆனால் விலை ஒரு கீழ் வரம்பைத் தொட்டால்தான் அது சேரும். 800 பவுண்டில் முடியும் லித்தோகிராஃப் அந்த வரம்புக்குக் கீழே. அதே பிரீமியத்தில் 1,040 பவுண்டோடு வேலை முடிந்தது. இணையத் தளம் வழியாகக் கேட்டால் பல இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

இரண்டுக்கும் உண்மையான போட்டி, வேலை எவ்வளவு கெடாமல் இருக்கிறது என்ற நிலைமையில்தான் வருகிறது. காகிதத்தில் செய்த எதுவும் வெளிச்சத்துக்குப் பயப்படும். அருங்காட்சியகங்கள் இத்தகைய வேலைகளுக்குச் சுமார் 50 லக்ஸ் என்ற மங்கலான அளவுக்கு மேல் ஒளி கொடுப்பதில்லை. குவாஷுக்குக் கூடுதல் ஆபத்துகள் உண்டு. தடித்துப் பூசிய இடம் செதில் செதிலாக உதிரும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது வண்ணமும் வந்துவிடும். ஒரு துளி நீர் பட்டாலே கறை நிற்கும். அதனால் பார்வை நாளில் நேரில் போவது நல்லது. போக முடியாதவர் ஏல நிறுவனத்திடம் ஓவியத்தின் சேதங்களைச் சொல்லும் நிலை அறிக்கை கேட்டு வாங்க வேண்டும். சட்டகத்திலிருந்து வெளியே எடுத்துப் பார்த்தார்களா, முழுத் தாளும் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறதா, அமில அட்டை காகிதத்தைப் பழுப்பாக்கியிருக்கிறதா என்று கேளுங்கள். ஓவியத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டைக்கு அடியில் மறைந்திருந்த விளிம்பின் நிறத்தை நடுப்பகுதியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். விளிம்பு மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்தக் குவாஷ் பல ஆண்டு வெயிலில் நிறம் இழந்திருக்கிறது. அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிட்டு, நிறம் குன்றாத சதர்லண்ட் பிரதி ஒன்றுக்கே நான் போவேன்.

நிலைமை நன்றாக இருந்தால் எந்தக் காலத்துக் குவாஷ் என்ற கேள்வி மிச்சம். நாற்பதுகளின் வேலைகளில் மரங்களுக்கும் சுவர்களுக்கும் இடையே ஒடுங்கிய உருவங்கள், மை இருள் அதிகம், கதை தெரியும். 1952இல் பிரான்ஸில் வேலை செய்த ஓவியர் நிக்கலா த ஸ்தாலின் ஓவியங்களை லண்டனில் பார்த்த பிறகு வாகனின் உருவங்கள் வண்ணக் கட்டங்களாக இறுகத் தொடங்கின. அறுபதுகளில் எஸெக்ஸின் ஹாரோ ஹில்லில் வீடு வாங்கிய பிறகு அங்குள்ள வயலும் கொட்டகையும் அதே கட்டங்களுக்குள் வந்தன. நாற்பதுகளை விரும்புகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. போர்க்கால வாழ்க்கை அப்படியே அவற்றில் இருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் எடுக்கலாம் என்றால் நான் எடுப்பது அறுபதுகளின் எஸெக்ஸ் குவாஷ். வயலா உடலா என்று சொல்ல முடியாத அந்தப் பழுப்புக் கட்டங்களை வாகன் அளவுக்குச் சின்னத் தாளில் நிறுத்தியவர் அவர் தலைமுறையில் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை.