ஈயின் மூளையா, தனிப் புரதமா? நரம்பு முனைக்கு எதிர்ப்பொருள் உருவாக்கும் இரு வழிகள்

எதிர்ப்பொருள் என்பது குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பற்றும் நோயெதிர்ப்புப் புரதம்; அதில் சாயம் சேர்த்தால், அது பற்றிய புரதம் திசுவில் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். அதை உருவாக்க, கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் 1975-இல் காட்டிய முறை இன்றும் மாறவில்லை. எலிக்கு ஊசி போட்டு, அதன் மண்ணீரல் செல்களை மயலோமா புற்றுசெல்களோடு இணைத்தால் கிடைக்கும் கலப்புச் செல்லான ஹைப்ரிடோமா ஒரே வகை எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும். ஊசியில் எதை நிரப்புவது என்பதில்தான் இரண்டு கட்சிகள். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் பழ ஈயில் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒப்பிட இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதல் வழியில் புரதத்தின் பெயரே தெரிய வேண்டியதில்லை. ஹோஃப்பவர், புக்னர் குழுவினர் ஈக்களின் மூளையையும் தலையையும் அரைத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். சுமார் 1,000 ஹைப்ரிடோமாக்களில் ஏறத்தாழ 200-இன் எதிர்ப்பொருள்கள், மூளையின் குறிப்பிட்ட பகுதிகளை மட்டும் சாயமேற்றின. அவற்றுள் ஏபி49 என்ற எதிர்ப்பொருள் நரம்பு முனைகளைக் காட்டியது. அதையே தூண்டிலாக்கி மரபணுவைப் பிடித்தபோது, 1990-இல் சிஸ்டீன் ஸ்ட்ரிங் புரதம் வெளிப்பட்டது. அப்படியொன்று இருக்கும் என்று யாரும் ஊகித்திருக்கவில்லை! அது இல்லாத ஈக்களில் பெரும்பாலானவை முதிர்வதற்குள் இறக்கின்றன. பிழைத்தவை வெப்பம் ஏறினால் முடங்குகின்றன. அதற்கு இணையான மனித மரபணுவின் பிழை, பெரியவர்களைத் தாக்கும் ஒரு பரம்பரை நரம்புச்சிதைவு நோய்க்குக் காரணம் என்று 2011-இல் தெரிந்தது.

அதே தொகுப்பில் கிடைத்த இன்னொரு எதிர்ப்பொருளான என்சி82 இன்னும் நெடுங்காலம் காத்திருந்தது. அது பற்றும் புரதம் 'புரூக்பைலட்' என்று 2006-இல்தான் உறுதியானது. நரம்பு செல்கள் சந்திக்கும் சினாப்ஸில், கால்சியத்தை உள்ளே விடும் வாயில்கள் நெருக்கமாகத் திரள இந்தப் புரதம் தேவை. இன்று ஈயின் மூளையைப் படமெடுக்கும் ஆய்வகங்களில் என்சி82 அன்றாடச் சாயம்.

குறையும் உண்டு. அரைத்த கலவையில் எது மிகுதியோ, எது எலிக்கு மிக அந்நியமோ, அதற்கே எதிர்ப்பொருள் எளிதில் கிடைக்கும். அரிதான புரதங்கள் நழுவிவிடும்.

இரண்டாம் வழி நேரானது. சினாப்சின், பாலூட்டிகளில் ஏற்கெனவே தெரிந்த நரம்பு முனைப் புரதம். ஈயின் சினாப்சினைப் பாக்டீரியாவில் உற்பத்தி செய்து எலிக்குச் செலுத்தி 3சி11 என்ற எதிர்ப்பொருளைப் பெற்றார்கள். இது எதைப் பற்றுகிறது என்ற கேள்வி பெரும்பாலும் முதல் நாளே தீர்ந்துவிடுகிறது. சினாப்சின் மரபணு நீக்கப்பட்ட ஈக்களில் சாயம் மறைவது கடைசிச் சான்று. இந்தச் சோதனை இல்லாத எதிர்ப்பொருளை நான் நம்பமாட்டேன்.

ஆனால் பாக்டீரியா தரும் புரதத்தில் நரம்பு செல் சேர்க்கும் சர்க்கரை போன்ற மாற்றங்கள் இருக்காது. பிளாஸ்டிக் தட்டில் பூசிய அந்தப் புரதத்தோடு நன்றாக ஒட்டும் எதிர்ப்பொருள், பதப்படுத்திய திசுவில் ஒட்டாமல் போகலாம். முதல் வழியில் இந்த ஆபத்து குறைவு. அங்கே தேர்வே திசுவில்தான் நடக்கிறது. ஆகவே இரண்டாம் வழியில் போகிறவர்களும் முதல் வடிகட்டும் சோதனையிலிருந்தே மூளை வெட்டுகளில் சோதிக்க வேண்டும்.

மரபணுவிலேயே ஒளிரும் புரதத்தை ஒட்டவைக்கும் மூன்றாம் வழி, மரபணுத் திருத்தம் எளிதாக உள்ள விலங்குகளுக்குப் போதுமானது.

தெரிந்த புரதம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இரண்டாம் வழி. முனையில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டால், இன்றும் என் தேர்வு அரைத்த மூளைதான். எதிர்ப்பொருள் பிடித்த புரதத்தை அடையாளம் காண இப்போது மூலக்கூறுகளை எடைபோட்டு இனங்காணும் நிறைநிரல் கருவிகள் உதவுகின்றன. அந்த நீண்ட காத்திருப்பு இனி வேண்டாம். எந்த வழியானாலும் எதிர்ப்பொருளின் மரபணு வரிசையைப் படித்துப் பதிவு செய்துவிடுங்கள். ஹைப்ரிடோமாக்கள் குரோமோசோம்களை இழந்து சுரப்பதை நிறுத்திவிடுவது உண்டு.