கேம் பேரிங் சத்தம்: காதால் சொல்வதா, கழற்றிப் பார்ப்பதா?

வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டு கேம், அது சுற்ற ஏந்திப் பிடிப்பது கேம் பேரிங். என்ஜினை இறக்கி, போர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து), பிஸ்டன் கிட் மாற்றி ஏற்றிய வண்டி. முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் சிலிண்டருக்கு மேலே உள்ள ஹெட் பக்கம் கொரகொரவென்று சத்தம். சென்னைப் புதுப்பேட்டையில் விசாரித்தால் இரண்டு விதமான ஆட்களைப் பார்ப்பீர்கள். ஒருவர் நீள ஸ்குரூ டிரைவரை ஹெட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "கேம் பேரிங் போச்சுண்ணே, மாத்திடலாம்" என்பார். இன்னொருவர், "கழட்டிப் பாக்காம எதுவும் சொல்ல முடியாதுண்ணே" என்பார். புதிதாக வேலை பார்த்த என்ஜினுக்கு இரண்டாமவர் சொல்வதுதான் சரி.

காதால் கேட்பது வீண் என்று சொல்லவில்லை. ஐந்து நிமிட வேலை, செலவு இல்லை, எந்தப் பக்கம் கோளாறு என்பதையாவது காட்டிவிடும். பிஸ்டன் சுழற்றும் கீழ்த் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான். ஐட்லிங்கில் கிராங்க் நிமிடத்துக்கு 1400 சுற்று என்றால் கேம் 700. அதனால் மேலிருந்து வரும் சத்தத்தின் தாளம் கீழிருந்து வருவதைவிட நிதானமாக இருக்கும். வால்வு இடைவெளியால் வரும் டாப்பெட் சத்தம் டிக் டிக்கென்று கூர்மையாகக் கேட்கும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் போட்டுச் சரிசெய்தால் மாறும். கிராங்க்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் ஆக்ஸிலேட்டரை விடும்போது சலசலக்கும். பால் பேரிங் போனால் உர்ரென்று ஒரே இழுவையாக, ஆர்பிஎம் ஏற ஏறக் கூடும். ராயல் என்ஃபீல்டின் பழைய புஷ்ராடு புல்லட்களில் (நீளக் கம்பி வழியாக வால்வைத் தள்ளுபவை) கேம் ஹெட்டிலேயே கிடையாது. அங்கே ஸ்குரூ டிரைவரை வைக்க வேண்டிய இடம் வலப்பக்க டைமிங் கவர். அவர்களின் 350 வரிசையில் கேம் மேலே போனது 2020-இல் மீட்டியோரோடு வந்த என்ஜினில்தான்.

சிக்கல் என்னவென்றால், புதிதாகக் கோத்த என்ஜினில் எல்லாமே கொஞ்சம் சத்தம் போடும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் அளவுக்கு மேல் இறுகினால் வரும் முனகலும் பேரிங் உறுமலும் காதுக்கு ஒன்று போலவே கேட்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: ஆயிலை இறக்கிப் பார்ப்பது. சூடான ஆயிலை வெள்ளைத் துணி வழியாக வடிகட்டி, பேப்பர் ஃபில்டர் இருந்தால் வெட்டி விரித்துப் பாருங்கள். புது பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு படியும் காலத்தில் சாம்பல் நிறப் பொடி வருவது சகஜம், அது காந்தத்திலும் ஒட்டும். செதில் செதிலாக வந்து காந்தத்தில் ஒட்டினால் பேரிங், கியர் போன்ற ஸ்டீல் பாகம் உதிர்கிறது. மினுங்கும் துகள் காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் அலுமினியம்: ஹெட்டில் கேம் உட்காரும் இடமோ, பிஸ்டனோ தேய்கிறது. ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கி எழுந்த வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படிப்பட்ட என்ஜினில் பழைய பேரிங்கையே துடைத்துப் போட்டிருந்தால், துருப் புள்ளி விழுந்த பாதையில் குண்டு ஓடும், உறுமல் நிச்சயம்.

இனி கழற்றுவது. கிராங்க் முனையில் உள்ள மேக்னட்டில் டி குறி, கேமின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் குறி இரண்டும் நேராக, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் (வால்வுகள் மூடிய நிலையில்) நிறுத்துங்கள். முதலில் டென்ஷனர், பிறகு ஸ்ப்ராக்கெட் போல்ட். செயின் உள்ளே விழாமல் கம்பி கட்டிக்கொள்ளுங்கள். கேமை உருவும் முன் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் அப்போதே பாதி பதில் வந்துவிட்டது. உருவியபின் பேரிங்கை பெட்ரோலில் கழுவி, இரண்டு சொட்டு ஆயில் விட்டு மெல்லச் சுற்றுங்கள். ஆயில் இல்லாமல் சுற்றினால் நல்ல பேரிங்கும் கடகடக்கும். அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. காற்றுக் குழாயால் ஊதிச் சுழற்றுவதும் வேண்டாம்.

குண்டுகளுக்கு இடையே உள்ள தூரத்திலேயே வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தால், பேரிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றியிருக்கிறார்கள். வெளி வளையத்தைச் சுற்றி பளபளப்பான பட்டை தெரிந்தால், பேரிங் ஹெட்டுக்குள்ளேயே சுழன்றிருக்கிறது. புது பேரிங்கை அந்தக் குழியில் விரலால் தள்ளிப் பாருங்கள். வழுக்கி உட்கார்ந்து ஆடாமல் நின்றால் சரி. லொடலொடத்தால் எத்தனை பேரிங் மாற்றினாலும் பயன் இல்லை, ஹெட்டே தேய்ந்துவிட்டது. காதால் கேட்டவர் இதை எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

ஆனால் கழற்றிப் பார்க்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதெல்லாம் இல்லை. ஆயில் வழிதான் காரணம். பல வருடம் ஓடித் தேய்ந்த பேரிங் வேறு, என்ஜின் வேலை முடிந்த ஒரே மாதத்தில் போன பேரிங் வேறு. இரண்டாவது, பெரும்பாலும் ஆயில் கிடைக்காமல் செத்தது. இல்லையென்றால் ஆயிலோடு வந்த மணல் அரைத்தது. கேஸ்கெட்டுக்கு மேல் அள்ளிப் பூசிய சிலிக்கான் பேஸ்ட் பிதுங்கி ஆயில் துளையை அடைத்திருக்கும். கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டதில் துளை மறைந்திருக்கும். ஆயில் வழியில் இருக்க வேண்டிய டவல் பின்னோ (பாகங்களை நேராகப் பொருத்தும் சிறு குழல்) ஓ ரிங்கோ (ரப்பர் வளையம்) விட்டுப்போயிருக்கும். போர் போட்டபின் சிலிண்டரைப் பெட்ரோலில் மட்டும் கழுவினால், உள்சுவரைத் தீட்டும் ஹோனிங்கில் ஒட்டிய மணல் போகாது. சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் கறுப்பு வரக்கூடாது. உடனே ஆயில் பூச வேண்டும், நம்மூர்க் கடல் காற்றுக்கு ஒரு ராத்திரியில் துரு பிடித்துவிடும். ஸ்ப்ளெண்டர் வகை என்ஜினில் கிளட்ச் பக்கம் சுழலும் ஃபில்டரைத் திறந்து சுரண்டாமலேயே மூடியிருந்தால் பழைய அழுக்கு அங்கேயே இருக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பேரிங்கை மட்டும் மாற்றினால், உதிரிபாகக் கடைகள் உள்ள ஜிபி ரோட்டில் வாங்கிய ஒரிஜினலும் அதே கதியைத்தான் அடையும்.

கேம் நேராக அலுமினியத்திலேயே சுற்றும் ஹெட் என்றால் காதுக்கு இன்னும் வேலை குறைவு. என்ஜின் சூடேறி ஆயில் இளகிய பிறகு மந்தமான தட்டல் கேட்கும், அவ்வளவுதான். அங்கே பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து இடைவெளியை அளக்க வேண்டும். கேமை மேலிருந்து பிடிக்கும் கேப்பை முறுக்கியபின் கேமைத் துளிகூடச் சுற்றக்கூடாது. நசுங்கிய அகலத்தை சர்வீஸ் மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள். மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் விவகாரம், கண் மதிப்பு உதவாது. கேப்களில் உள்ள எண்ணும் அம்புக்குறியும் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் அவை ஹெட்டோடு சேர்த்தே துளையிடப்பட்டவை. இடம் மாறினால் கேம் பிடிக்கும். தேய்ந்த ஹெட்டுக்கு லேத்தில் புஷ் (உலோக உறை வளையம்) போட்டுத் தருகிறார்கள். அதை அரை மனதோடுதான் சொல்வேன். புஷ்ஷின் ஆயில் துளை ஹெட்டின் துளையோடு கச்சிதமாகச் சேர்ந்தால் பிழைக்கும், கொஞ்சம் நகர்ந்தால் பழைய கதைதான். பணம் இடம் கொடுத்தால் ஹெட்டை மாற்றிவிடுங்கள்.

பேரிங் வாங்கும்போது பழையதில் உள்ள எண்ணோடு, சி3 என்ற குறி (உள் இடைவெளி வழக்கத்தைவிடக் கூடுதல் என்று பொருள்) இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேமில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். கேமின் மூக்குகளிலும் பேரிங்கிலும் தாராளமாக ஆயில் விட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு இருபது முப்பது கிக் அடியுங்கள், ஆயில் மேலே ஏறட்டும். யமஹா போன்ற சில வண்டிகளில் ஹெட்டிலேயே ஆயில் செக் போல்ட் இருக்கும். அதை லேசாகத் தளர்த்தி ஐட்லிங்கில் விட்டால் ஆயில் கசிய வேண்டும். ஒரு நிமிடம் ஆகியும் கசியவில்லை என்றால் என்ஜினை உடனே அணைத்துவிட்டு, மறுபடி கேஸ்கெட்டிலிருந்து தொடங்குங்கள்.