மூச்சுக்கு முழு மதிப்பெண், நோக்கத்துக்குப் பாதிதான்

காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி, முடிந்ததும் 'இன்றைய நோக்கம்' என்று ஒரு வரி. இதைச் செய்யவைக்கும் செயலி ஒன்றை மூன்று மாதமாகப் பயன்படுத்துகிறேன். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூச்சுப் பகுதி அருமை. திரையில் ஒரு வட்டம் விரியும்போது 4 நொடி இழுக்க வேண்டும், சுருங்கும்போது 6 நொடி விட வேண்டும், அவ்வளவுதான். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நமக்கு 12 முதல் 20 வரை ஓடும். இழுக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு பிடித்து இழுத்துக் குறைக்கும், அதனால் விடும் நேரத்தை நீட்டுவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் தெரியாது, ஆனால் எனக்கு இரண்டாம் நாளே, விடும்போது துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி நீளுவது விரலுக்குப் புரிந்தது. இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. திருமூலர் சொன்ன கணக்கில் பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32; அங்கேயும் விடுவது இழுப்பதைப் போல இரண்டு மடங்கு.

ஆனால் அந்தக் குரல்! "ஆழமாக, இன்னும் ஆழமாக" என்று விரட்டிக்கொண்டே இருக்கிறது. அதை நம்பி முதல் வாரம் இழுத்து இழுத்து விட்டதில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்த் தலை லேசாகச் சுற்றியது. அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து இப்படி ஆகும். மெதுவாக என்றால் போதும், ஆழம் தேவையில்லை என்று ஒரு வரி போட்டிருக்கலாம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நெடுநேரம் அடக்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்றும் எங்கேயும் இல்லை.

சரி, நோக்கத்துக்கு வருவோம். பயிற்சி முடிந்ததும் நாலு வரி வரும்: அமைதியாக இருப்பேன், நன்றியோடு இருப்பேன், இந்த ரகம். ஒன்றைத் தட்டினால் ஒரு மணியோசை, திரையில் ஒரு பூ. பதினோரு மணிக்கு யாராவது காலையில் எதைத் தட்டினாய் என்று கேட்டிருந்தால் திருதிருவென முழித்திருப்பேன்.

அப்புறம்தான் மூலையில் பொடியாக ஒரு பென்சில் படம் கண்ணில் பட்டது, அதைத் தட்டினால் நாமே எழுதிக்கொள்ளலாம். "போன் அடித்தால், எடுப்பதற்கு முன் ஒரு மூச்சை முழுதாக விடுவேன்" என்று எழுதினேன். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: வெறும் ஆசையாக விடாமல் 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று கட்டிவைத்தால், அந்தச் சந்தர்ப்பமே வந்து நினைவுபடுத்திவிடும். அன்றைக்கு முதல் இரண்டு அழைப்பிலும் மறந்துவிட்டேன். மூன்றாவது யாரென்று பார்த்ததும் கத்தத் தயாராகத்தான் இருந்தேன், மூச்சை விட்டு முடிப்பதற்குள் கத்த வைத்திருந்த வாக்கியம் மறந்துபோனது. இவ்வளவு உருப்படியான ஒரு வசதியை ஏன் மூலையில் ஒளித்துவைத்தார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

தொடர்நாள் கணக்கு இன்னொரு தொல்லை. 41 நாள் சேர்ந்திருந்தது, ஒரு நாள் நள்ளிரவு தாண்டி உட்கார்ந்ததற்குப் பூஜ்யமாக்கிவிட்டது. மனம் அமைதியாகத்தானே இதற்குள் வந்தேன், அன்று முழுக்க அந்தப் பூஜ்யத்தை நினைத்தே எரிச்சல்.

சந்தா முடிய இன்னும் இருபது நாள் இருக்கிறது, புதுப்பிக்கப்போவதில்லை. வட்டம் இல்லாமலே 4, 6 எண்ண வந்துவிட்டது, வரியைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போன் உறைக்குள் செருகிவைக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் இலவச நாட்களுக்கு மட்டும் எடுத்துப் பார்க்கலாம். குரலை அணைத்துவிட்டு, பென்சிலை முதல் நாளே தட்டுங்கள்.