பிவிஆர் ஆய்வுக்கு எது பொருந்தும்: முயல் கண்ணா, பன்றிக் கண்ணிலிருந்து எடுத்த செல்லா?

விழித்திரை விலகலுக்கு அறுவை முடிந்து, திரை ஒட்டிவிட்டது என்று நோயாளி நிம்மதியடைந்த சில வாரங்களில், அதன்மேல் தழும்புச் சவ்வு படர்ந்து சுருங்கி, திரையை மறுபடியும் இழுத்துவிடுவதுதான் பிவிஆர் (proliferative vitreoretinopathy). ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இது நேர்கிறது. தடுப்பு மருந்துகளைச் சோதிக்க எந்த மாதிரியைக் கொள்வது என்ற கேள்வி எங்கள் ஆய்வகத்தில் எழுந்தபோது, பன்றிக் கண்ணிலிருந்து புதிதாகப் பிரித்த நிறமி எபிதீலியச் செல்களையே, அதாவது விழித்திரைக்கு அடியில் ஒற்றை அடுக்காக இருக்கும் நிறமிச் செல்களையே, தேர்ந்தோம்.

முயல் மாதிரி நன்கு பழகிய வழி. வாயுக் குமிழியால், கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விழிக்கூழை ஒதுக்கிவிட்டு, வளர்த்த செல்களை உள்ளே செலுத்தினால், சில வாரங்களில் திரை விலகும். 1982இல் ஃபாஸ்டன்பர்க் குழுவினர் வகுத்த 0 முதல் 5 வரையிலான நிலைகளைக் கொண்டு விளைவை அளக்கலாம். முயலுக்கு மேக்குலா (கூர்பார்வை தரும் திரையின் மையப் பகுதி) இல்லை, திரையின் இரத்தக் குழாய்களும் ஒரு பட்டையில் மட்டுமே உள்ளன என்பவை எல்லோரும் அறிந்த குறைகள். எலியின் கண்ணிலோ லென்ஸே பெரும்பகுதியை அடைத்துக்கொள்வதால் ஊசி செலுத்துவதே பெரும்பாடு.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, செல்கள் எந்த நிலையிலிருந்து புறப்படுகின்றன என்பதே. மனிதக் கண்ணில் திரை கிழிந்ததும், அமைதியாக அடுக்கில் இருந்த நிறமிச் செல்கள் கிழிசல் வழியே விழிக்கூழுக்குள் சிதறி, டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகளால் தம் இயல்பை இழந்து, சுருங்கும் செல்களாக மாறுகின்றன. முயலுக்குள் பல ஆய்வுகளில் செலுத்தப்படுபவை ஃபைப்ரோபிளாஸ்டுகள் என்னும் இணைப்புத் திசுச் செல்கள். அவை ஏற்கெனவே சுருங்கும் தன்மை பெற்றவை. ஆகவே அந்த மாற்றத்தையே தடுக்கும் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. 19 வயது கொடையாளரிடமிருந்து பெற்ற ஏஆர்பிஇ-19 என்னும் மனித நிறமிச் செல்வரிசையிலும் இதே சிக்கல் உண்டு: அது நிறமியும் அடுக்கு அமைப்பும் பெறப் பல மாதங்கள் ஆகும், அவசரத்தில் சில நாள்களிலேயே சோதனைக்கு எடுத்துவிடுகிறோம்.

பன்றிக் கண்ணின் முன்பகுதியை வெட்டி, கூழையும் திரையையும் அகற்றினால் கறுத்த கிண்ணம் போல உட்புறம் தெரியும். ஆட்டிலும் மாட்டிலும் ஒளி திருப்பும் பளபளப்பான அடுக்கு இருக்கும் இடத்தில் மேலுள்ள செல்களில் நிறமி இராது. பன்றிக்கு அந்த அடுக்கே இல்லாததால் கிண்ணம் முழுவதும் பயன்படுகிறது. டிரிப்சின் என்னும் நொதியில் ஊறவைத்துப் பிரித்த செல்கள் வளர்ப்புத் தட்டை நிரப்பியதும், பழுப்பு அறுகோணங்களாக நெருங்கி நிற்பதை நுண்ணோக்கியில் காணலாம். டிஜிஎஃப்-பீட்டா சேர்த்ததும் அவை நீண்டு, நூல் நூற்கும் கதிர்போல் ஆகின்றன. கொலாஜன் கூழ்மத்தில் பதித்து ஓரத்தை விடுவித்தால், கூழ்ம வட்டம் சுருங்குவதை அளவுகோல் வைத்தே படமெடுக்கலாம். ஆனால் இரண்டு மூன்று முறை மறுவளர்ப்பு (பிரித்துப் புதுத் தட்டில் வளர்த்தல்) செய்தால் நிறமி நீர்த்து, தூண்டாமலே உருமாறுகின்றன. எனவே முதல் மறுவளர்ப்போடு நிறுத்திவிடுகிறோம்.

இந்தத் தட்டில் இரத்தம் இல்லை, அழற்சிச் செல்கள் இல்லை, இழுபடத் திரையும் இல்லை. மருந்து கண்ணில் எவ்வளவு நேரம் தங்கும், திரையை நஞ்சூட்டுமா என்பவற்றை முயலே சொல்லும். ஆகவே கூழ்மத்தில் தேறியதை மட்டுமே அங்கே கொண்டுபோகிறோம். உயிருள்ள பன்றியில் அறுவை செய்த அனுபவம் எங்களுக்கு இல்லாததால், அதை ஒப்பிட முற்படவில்லை. கண்கள் இறைச்சிக்கூடத்திலிருந்து வருவதால் இதற்கென எந்த விலங்கும் கொல்லப்படுவதில்லை. பனியில் வைத்து அன்றே கொண்டுவர வேண்டும், தாமதித்த கண்களின் செல்கள் தட்டில் ஒட்டுவதே அரிது.